முதல் சொல்லுக்கு உட்கார்ந்த யானை

"கோலை விடுறா—"

"விட மாட்டேன். நீங்க விடுங்க ஏட்டா—"

"உக்காருன்னா உக்கார்ற ஆனையை எதுக்குடா அடிக்கணும்? உனக்கு என்ன கண்ணு—"

"கண்ணு இருக்குறதாலதான் சொல்றேன்! மூணு மாசம் மதநீர் ஒழுகின கொம்பன் மொதல் சொல்லுக்கு உக்காருமா? எங்கயாவது கேட்டிருக்கீங்களா? உங்க அப்பன் காலத்துல—"

"எங்கப்பனை இழுக்காத. உன் கண்ணு முன்னால உக்காந்தானா இல்லையா?"

"உக்காந்தான். அதனாலதான் கோலை எடுத்தேன்."

ஒரே நீளக்கோலின் இரண்டு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டு தென்னந்தோப்பின் நடுவில் நின்றார்கள். அய்யப்பன்குட்டிக்கு ஐம்பத்து நாலு வயது. ஆறு வருஷமாகத் தாமோதரனின் பாகன். சுலோசனன் அவனைவிடப் பதினைந்து வயது இளையவன். அன்று காலைதான் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு முதலாளியின் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தான். துதிக்கை எட்டாத தூரத்தில் இவர்கள் நிற்க, அந்தப் பக்கம் தாமோதரன் உட்கார்ந்திருந்தான். பின்னங்கால்கள் இரண்டையும் பலா மரத்தோடு கட்டியிருந்தார்கள். முன்னங்கால் ஒன்று புளிய மரத்தோடு. மதநீர் வழிந்து காய்ந்த இடம் கன்னத்தில் தார் பூசியது போலக் கறுத்துக் கிடந்தது. எழுந்திரு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதனால் அவன் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பேரும் கோலை விடுங்க" என்றார் சாக்குண்ணி முதலாளி. "கோயில் பூரத்துக்கு ஆறு நாளு இருக்கு. ஆனை மதத்துலேர்ந்து எறங்கணும். எப்படி எறங்கினாலும் எனக்குச் சம்மதம்."

"எறங்கிட்டானே முதலாளி! இன்னும் எங்க எறங்கணும்?"

"இவன் எறங்கலேன்னு சொல்றானே."

"இவன் சொன்னா ஆச்சா?"

ஒல்லூருக்குத் தெற்கே அந்தப் பக்கத்துத் தோப்புகளில் எல்லாம் வருஷா வருஷம் நடப்பதுதான். மதம் ஒழுகும் மாதங்களில் யானைக்குப் படித்ததெல்லாம் மறந்து போகும் என்பார்கள். இரு என்றால் என்ன, நட என்றால் என்ன, பாகன் யார், ஒன்றும் நினைவில்லாமல் போய்விடுமாம். நீர் வற்றியதும் ஆட்கள் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, நீளக்கோலால் காலிலும் கணுவிலும் அடித்து, ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப ஏற்றுவார்கள். கட்டியவிழ்ப்பு என்று அதற்குப் பெயர். ஒரு நாளிலும் முடியும், மூன்று நாளும் இழுக்கும்.

அய்யப்பன்குட்டி இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தாமோதரனை அடித்ததில்லை. அடிக்க வேறு ஆட்கள் வருவார்கள். அவன் தோப்புக்கு வெளியே போய், சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பான். எல்லாம் முடிந்தபிறகு அண்டாவில் தண்ணீரோடு வருவான். யானை அவன் கையைப் பார்த்துத்தான் குடிக்கும். வந்தவர்கள் பூரம் முடிந்ததும் போய்விடுவார்கள், யானை இவனிடமே இருக்கும். ஆனால் இந்தத் தடவை வந்தவன் போகிறவன் இல்லை. நான் இறக்கினால் யானை எனக்கு என்று முதலாளியிடம் முன்பே பேசிவிட்டுத்தான் சுலோசனன் ஜீப்பில் ஏறினான்.

"இது எல்லாத்துக்கும் நீங்கதான் டாக்டரே காரணம்" என்றார் சாக்குண்ணி, தென்னை நிழலில் கோப்பும் கையுமாக நின்றவளைப் பார்த்து. "எலிக்குக் குடுத்ததை என் ஆனைக்குக் குடுத்தீங்க."

டாக்டர் ஸஃபியா கால்நடைக் கல்லூரியில் வேலை பார்க்கிறவள். போன வருஷம் மதக்காலத்தில் முதல் தடவை இந்தத் தோப்புக்கு வந்தாள். வந்தவள் கேட்ட கேள்வியே எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது.

"மறக்குறான்னு சொல்றீங்க. மறக்குறானா, இல்ல கேக்கப் பிடிக்காம இருக்கானா? யாராவது சோதிச்சுப் பாத்தீங்களா?"

"ஆனைகிட்டப் போய்க் கேக்கச் சொல்றீங்களா டாக்டரே?" என்று அய்யப்பன்குட்டி சிரித்தான்.

"எலிகிட்டக் கேட்டிருக்கேன். தொட்டியில தண்ணி விட்டு, உள்ள ஒரு மேடையை ஒளிச்சு வெச்சு, எலியை நீந்த விடுவேன். பிரம்மிச் சாறு குடிச்ச எலி மேடையைச் சீக்கிரம் கத்துக்குது. ஒரு மாசம் கழிச்சு விட்டாலும் நேரா அங்கயே போகுது."

"எலிக்கும் கட்டியவிழ்ப்பு உண்டா?"

"எலிக்கு நான் ஒருத்திதான் குட்டியேட்டா. ஆனைக்குத்தான் நீங்க பத்துப் பேரு."

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்துப்போனது. அடுத்த மதம் தொடங்குவதற்கு முன்பே, கன்னி மாதம், அதாவது புரட்டாசியிலிருந்து, சதுப்பான கோள் வயல் வரப்புகளில் தானே இறங்கி நீர்ப்பிரம்மி அறுத்துக்கொண்டு வந்தான். இடித்துச் சாறு பிழிந்து, நெய்யில் காய்ச்சி, வெல்லமும் சோறும் சேர்த்து உருட்டித் தினமும் ஊட்டினான். முதல் உருண்டையைத் தாமோதரன் வாயில் வாங்கி, கொஞ்ச நேரம் யோசித்து, டாக்டரின் கோப்பின் மேலேயே துப்பினான். நாலாம் நாளிலிருந்து கேட்டு வாங்கித் தின்றான்.

யானைச் சொல் இருபத்து நாலு. வாரம் ஒரு தடவை அய்யப்பன்குட்டி சங்கிலிக்கு வெளியே, கோல் இல்லாமல், வெறுங்கையோடு நின்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். டாக்டர் எழுதிக்கொள்வாள். போன வருஷம் மதம் உச்சத்தில் இருந்தபோது தாமோதரன் ஐந்துக்குத்தான் கேட்டிருந்தான். இந்த வருஷம் அதே நாட்களில் பத்தொன்பது. நேற்றைக்கு இருபத்து நாலும்.

"ஒரு ஆனையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று டாக்டர் நூறு தடவை சொன்னாள். "இன்னும் அஞ்சு எடத்துல அஞ்சு ஆனை இருக்கு. எல்லாம் பாக்கணும்."

"நீங்க அஞ்சையும் பாருங்க டாக்டரே. எனக்கு இவன் ஒருத்தன் போதும். இந்த வருஷம் இவன் மேல கோல் விழாது."

முதலாளி முன்னிலையிலேயே அப்படிச் சொன்னான். எதற்கும் ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வேன் என்று சொல்லி, முதலாளியும் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடிபடாத யானை என்றால் காலில் புண் இருக்காது, பூரத்தில் முதல் வரிசையில் நிறுத்தலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அந்தத் தைரியத்தில்தான் அன்று காலை சுலோசனன் வந்து இறங்கியதும், "வா, வந்து பாரு" என்று அவனைக் கூட்டிப்போய் நிறுத்தி, அய்யப்பன்குட்டி "இரியானே" என்றான். உரக்கக்கூடச் சொல்லவில்லை. தாமோதரன் உட்கார்ந்தான். பெருமையோடு திரும்பிப் பார்த்தவன், சுலோசனனின் முகம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தான். அடுத்த நொடி ஜீப்பிலிருந்த கோல் அவன் கையில் இருந்தது.

"எங்க ஏட்டன் சுரேந்திரன், என் கூடப் பொறந்தவன், அவனைத் தெரியுமா உங்களுக்கு?" என்று சுலோசனன் இப்போது கேட்டான். கோலை அவன் விடவில்லை, குரலை மட்டும் இறக்கினான்.

"கேள்விப்பட்டிருக்கேன்."

"என்ன கேள்விப்பட்டீங்க?"

"ஆனையால செத்தான்னு."

"எந்த ஆனை? இதே மாதிரி மொதல் சொல்லுக்கு உக்காந்த ஆனை. பத்து நிமிஷங்கூட அடிக்கலை. பாருடா, எவ்வளவு நல்ல புள்ளைன்னு எல்லாரும் கோலைப் போட்டுட்டுப் பாயசம் குடிச்சோம். நாலாம் நாளு கால்வாய்ல குளிப்பாட்டுறான், நான் கரையில நிக்குறேன். படுத்துக் கெடந்த ஆனை எழும்பி அவன் மேல முட்டியை வெச்சு அழுத்துச்சு. அழுத்திட்டு என்னைப் பாத்துச்சு ஏட்டா. அவன் வாய்லேர்ந்து வந்ததை நான் இன்னும் மறக்கலை. எனக்கு எந்தப் பிரம்மியும் யாரும் குடுக்கலை."

சாக்குண்ணி யானையின் முட்டியைப் பார்த்தார்.

"கோவத்தைக் காட்டாம அடங்குற ஆனை கோவத்தைப் பத்திரமா வெச்சிருக்கு" என்றான் சுலோசனன். "மதத்துல வர்ற கோவம் வெளிய வரணும். வந்து, அப்புறம் அடங்கணும். அதுதான் எறங்குறது. இது நடிக்குது."

"அவன் நடிக்கலை" என்றாள் டாக்டர். "அவனுக்கு ஞாபகம் இருக்கு. அவ்வளவுதான்."

"ஞாபகம் இருக்குன்னா இன்னும் மோசம் டாக்டரே. போன வருஷம் அடிச்ச அடியும் ஞாபகம் இருக்குமே?"

டாக்டர் கோப்பைத் திறந்து தாள்களைப் புரட்டத் தொடங்கினாள். சாக்குண்ணி அதைப் பார்த்துவிட்டார்.

"கர்த்தாவே!" என்றார் அவர். "பூரத்துல பத்தாயிரம் பேரு நிப்பாங்க. அடிங்கடா."

"முதலாளி, கையெழுத்துப் போட்டிருக்கீங்க—"

"ஆள் செத்தா யாரு கையெழுத்துப் போடுவா? நீ போடுவியா?"

"நான் போலீசுக்குச் சொல்லுவேன்" என்றாள் டாக்டர். "தோப்பு வீட்டுல போன் எங்க இருக்கு?"

"போன் கெட்டுக் கெடக்கு."

"காலையில அடிச்சுதே!"

"இப்பக் கெட்டுச்சு."

சுலோசனன் கோலை ஒரு இழு இழுத்தான். அய்யப்பன்குட்டியின் உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டு அது போய்விட்டது. இரண்டு ஆட்களும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். முதல் அடி வலது முன்னங்கால் கணுவில் விழுந்தது. ஈரமான மெத்தையை அடித்த மாதிரி ஒரு சத்தம். உட்கார்ந்திருந்த தாமோதரன் உடம்பு முழுக்கத் துள்ளினான், ஆனால் எழும்பவில்லை. துதிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு அய்யப்பன்குட்டியைப் பார்த்தான்.

இரண்டாவது அடி நகத்தில். மூன்றாவதும் அங்கேயே.

"எழும்புடா! எழும்பு! கோவத்தைக் காட்டு!" என்று கத்தினான் சுலோசனன்.

எழும்பச் சொன்னால் எழும்பினான். படுக்கச் சொன்னால், சங்கிலி கொடுத்த இடத்தில் மடங்கிப் படுத்தான். படுத்தவனின் முட்டியில் அடி விழுந்தது. துதிக்கையைத் தூக்கு என்றார்கள். தூக்கினான். தூக்கிய துதிக்கைக்குக் கீழே, மெல்லிய தோலில், அங்குசத்தின் கொக்கியைக் கொடுத்து இழுத்தார்கள். பீறிய இரத்தம் தந்தத்தில் வழிந்தது.

"சொன்னதைத்தானே செய்யுறான்! எதுக்கு அடிக்குறீங்க?" என்று டாக்டர் ஓடினாள்.

"அடிக்குறதாலதான் செய்யுறான்!" என்றான் ஒருவன்.

"அடிக்குறதுக்கு முன்னாலயே செஞ்சானே, முட்டாளே!"

அவள் கோலுக்கு நடுவில் போய் நின்றாள். ஓங்கியவன் ஓங்கியதை நிறுத்த முடியாமலோ, நிறுத்த மனமில்லாமலோ இறக்கினான். அவள் தடுத்த கையின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கோப்பு விழுந்து காகிதங்கள் பறந்தன. சாக்குண்ணி அவளைத் தோளைப் பிடித்து இழுத்து ஜீப்பின் படியில் உட்கார வைத்தார்.

"பொம்பளைங்க வர்ற எடமா டாக்டரே இது?"

"தொடாதீங்க என்னை" என்றாள் அவள். வலியில் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

மணி பத்தானது, பதினொன்றானது. மற்ற வருஷங்களில் அடிக்கு ஒரு முடிவு இருந்தது. கேட்காத யானை கேட்டால் நிறுத்த வேண்டியதுதான். இந்த யானை முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. அடிப்பவர்களுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. ஆட்கள் கைமாறி அடித்தார்கள். ஒரு கோல் முறிந்தது, இன்னொன்று எடுத்தார்கள். வலது முன்னங்காலின் நடு நகம் பிளந்து தொங்கியது. தாமோதரன் அலறவில்லை. ஒவ்வொரு அடிக்கும் வயிற்றுக்குள் ஏதோ உருளுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. சிறுநீர் தன்னால் போய்க்கொண்டிருந்தது.

அய்யப்பன்குட்டி இந்தத் தடவை தோப்புக்கு வெளியே போகவில்லை. புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒண்ணுமில்ல மோனே, ஒண்ணுமில்ல, இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லச் சொல்ல யானையின் காது அவன் பக்கம் திரும்பியது. தலை தாழ்ந்தது.

"நீங்க வாயை மூடுங்க ஏட்டா!" என்று சுலோசனன் திரும்பிக் கத்தினான். வியர்வையில் நனைந்து, மூச்சு வாங்க நின்றான். "நீங்க பேசப் பேச அவன் உள்ளேயே வெச்சுக்குறான். நீங்கதான் அவனைக் கட்டிப் போட்டிருக்கீங்க."

"என் குரலைக் கேட்டுப் பொறுத்துக்குறான்டா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அய்யப்பன்குட்டி வாயை மூடிப் பார்த்தான். யானை அவன் முகத்தைப் பார்த்தே பொறுத்துக்கொண்டது. மரத்துக்குப் பின்னால் போய் நின்றும் பார்த்தான். அவன் வேட்டி நுனி தெரிந்த பக்கமே துதிக்கை நீண்டது. எத்தனை மணி நேரம் ஆனாலும், எத்தனை நகம் போனாலும், இவன் உட்கார்ந்தே சாவான் என்று அவனுக்குத் தெரிந்துபோனது.

அவன் சுலோசனனிடம் வந்தான்.

"கோவம் வந்தா நிறுத்துவியா?"

"வந்து, என் சொல்லுக்கு அடங்கினா நிறுத்துவேன்."

"உங்க ஏட்டன் மேல ஆணையாச் சொல்லு."

"ஏட்டன் மேல ஆணை. அந்த நிமிஷமே கோலைப் போட்டுடுவேன். எனக்கும் கை வலிக்குது ஏட்டா. எனக்கு மட்டும் ஆசையா?"

"கோலைக் குடு."

"எதுக்கு?"

"நான் அடிச்சாத்தான் அவனுக்குக் கோவம் வரும்."

"குட்டியேட்டா!" என்று ஜீப்பிலிருந்து டாக்டர் கூப்பிட்டாள். "வேண்டாம். செய்யாதீங்க. சொன்னாக் கேளுங்க—"

"வேற வழி சொல்லுங்க டாக்டரே."



நீளக்கோலை அவன் வாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த சிறுகோலை எடுத்துக்கொண்டு, யாரும் போகாத இடத்துக்கு, துதிக்கை எட்டுகிற தூரத்துக்குள்ளே போனான். "ஏட்டா, உள்ள போகாதீங்க, ஏட்டா!" என்று சுலோசனனே அலறினான். தாமோதரன் துதிக்கையை நீட்டி அவன் தோளை, கழுத்தை, வாயை மோந்தான். நுனியில் இருந்த இரத்தம் அய்யப்பன்குட்டியின் கன்னத்தில் ஒட்டியது. உருண்டை கொண்டு வந்திருக்கிறானோ என்று துதிக்கை மடியைத் தடவியது.

"இரியானே" என்றான் அய்யப்பன்குட்டி.

நின்றிருந்த தாமோதரன், பிளந்த நகத்தை மண்ணில் ஊன்றி, முனகிக்கொண்டு, மெல்ல மெல்ல உட்கார்ந்தான்.

அய்யப்பன்குட்டி சிறுகோலை ஓங்கி, பிளந்த நகத்தின் மேலேயே அடித்தான்.

யானை அசையவில்லை. கண் மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தது. அடித்தவன் யார் என்று பார்ப்பது போலப் பக்கத்தில் தேடியது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"எழும்பானே" என்றான். எழும்பியது. அடித்தான். "இரியானே" என்றான். இந்தத் தடவை பாதி உட்கார்ந்து நின்றது. காதுகள் இரண்டும் விரிந்து அப்படியே நின்றன. "இரியானே, மோனே" என்றான். அது முழுதாக உட்கார்ந்ததும் மறுபடி அதே நகத்தில் அடித்தான். அவன் அழுதுகொண்டிருந்தான், குரல் மட்டும் உடையாமல் பார்த்துக்கொண்டான். நாலாவது தடவை "இரியானே" என்றபோது தாமோதரன் உட்காரவில்லை.

அவ்வளவு நேரமும் வயிற்றுக்குள் உருண்டது ஒரே பிளிறலாக வெளியே வந்தது. தென்னைகளில் இருந்த காக்கை எல்லாம் கலைந்தன. துதிக்கை பக்கவாட்டில் வீசி அய்யப்பன்குட்டியின் விலாவில் விழுந்தது. அவன் தூக்கி எறியப்பட்டு, புளிய மரத்தின் வேரில் போய் மோதி விழுந்தான். தாமோதரன் அவன் மேல் பாய்ந்தான். பலா மரம் வேரோடு நடுங்கியது, சங்கிலி கறகறவென்று இழுபட்டுப் பின்னங்கால் தோலுக்குள் இறங்கியது. தந்தம் அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி மண்ணை உழுதது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. சுலோசனன் குனிந்து ஓடி, அவனை இரு காலையும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். சுலோசனனின் முதுகை உரசிக்கொண்டு துதிக்கை போனது.

"இப்ப! இப்ப அடிங்கடா!"

மூன்று பேரும் சேர்ந்து அடித்தார்கள். இப்போது யானையும் சண்டை போட்டது. மண்ணை வாரி எறிந்தது, முறிந்து கிடந்த கோலை எடுத்து ஒருவன் முகத்தில் வீசி நெற்றியைக் கிழித்தது, சங்கிலி அற்றுவிடும் போல இழுத்தது. அரை மணி நேரம் போயிருக்கும். சுலோசனன் கோலை நீட்டி, தொண்டை கிழிய, "இரியானே!" என்றான். தாமோதரன் நின்றான். மூச்சு புழுதியைக் கிளப்பியது. பிறகு, உட்கார்ந்தான்.

அந்த நொடியே சுலோசனன் கோலைக் கீழே போட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"போதும். யாரும் தொடக் கூடாது. எறங்கிட்டான். இதுதான் நெசம்." ஆட்கள் பக்கம் திரும்பினான். "அண்டாவுல தண்ணி கொண்டாங்க. மஞ்சள் அரைங்க. நகத்துக்கு மருந்து என்ன டாக்டரே, சொல்லுங்க, நான் போடுறேன்."

தண்ணீர் வந்தது. சுலோசனன் தானே கொண்டுபோய் வைத்தான். தாமோதரன் அவன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடித்தான்.

"பாத்தியா அய்யப்பா?" என்றார் சாக்குண்ணி, தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. நீ கெட்டிக்காரன்டா."

அய்யப்பன்குட்டியை ஜீப்பின் பின்னால் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூச்சு விட்டால் விலாவில் கத்தி இறங்குவது போல இருந்தது. வாயோரம் இரத்தம் கசிந்தது. எதிர்ப் பக்கத்தில் டாக்டர், முறிந்த கையைத் துப்பட்டாவில் தொட்டில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எவ்வளவு நாள் ஞாபகம் இருக்கும் டாக்டரே?"

"பேசாதீங்க குட்டியேட்டா. விலா உடைஞ்சிருக்கு."

"அடுத்த மதத்துல மறந்துடுவானா?"

"எலின்னா சொல்லிடுவேன்" என்றாள் அவள்.

ஜீப் கிளம்பப் போகும்போது, "இருங்க முதலாளி, ஒரு நிமிஷம்" என்றான். தலையை வெளியே நீட்டி, கூப்பிடுகிற குரலில், எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, "தாமோதரா" என்றான்.

குடித்துக்கொண்டிருந்த துதிக்கை அண்டாவிலிருந்து உருவி வெளியே வந்தது. அண்டா கவிழ்ந்தது. உட்கார்ந்தவன் ஒரே உந்தில் எழும்பி, குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, காதை விரித்து நின்றான். சங்கிலி முறுகியது. மஞ்சள் அரைத்தவன் அம்மியை விட்டுவிட்டு ஓடினான்.

"ஏட்டா, வேண்டாம்!" என்று சுலோசனன் ஓடி வந்து ஜீப்பின் கம்பியைப் பிடித்தான். "உங்க கால்ல விழறேன், பேசாதீங்க. உங்க சத்தம் கேட்டா எழும்புறான். இப்பத்தான் உக்கார வெச்சேன்."

அய்யப்பன்குட்டி அவனையும் பார்த்தான், அவனுக்குப் பின்னால் நின்ற யானையையும் பார்த்தான். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். சுலோசனனின் சட்டையைப் பிடித்து, காது தன் வாய்க்கு வருமளவு கிட்டே இழுத்து, யானைக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"குளிப்பாட்டுறப்ப இடது காதுக்குப் பின்னால தேங்காய் மட்டை போட்டுத் தேய்க்காத, அங்க தோல் மெலிசு, கையாலதான் தேய்க்கணும்... கேக்குதா சுலோசனா?"